சோறே சோறே

18.1.82, திங்கள்
பொங்கல் லீவு முடிந்தது. என் பொங்கலும் அடங்கியது. மனோரமா டீச்சர் பாலாற்றைப் பற்றித் தானே ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். ஆண்டு விழாவில் அதை ஒப்பிக்கப் போவது ஃபரீதா. இருபது வரி. நாலு வரிக்கு ஒருமுறை, "மணலே மணலே, நதி எங்கே?" என்று அழ வேண்டும். எனக்கு வந்தது கொட்டாவிதான்.

21.1.82
ஃபரீதாவைப் பத்தாவதோடு நிறுத்தப் போகிறார்களாம். அவள் அத்தா ரஃபி அகமது, பஜாரில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர், விழாவுக்கு வருகிறார். "மேடையில உன்னப் பாத்துட்டு ப்ளஸ் ஒன் பத்தி யோசிக்கிறேன்" என்றாராம். இப்போது இடைவேளை தோறும் "மேரி, நான் சொல்றேன், நீ கேளுடி" என்று என் உயிரை வாங்குகிறாள்.

25.1.82
பதிலுக்கு நானும் ஒன்று கட்டிவிட்டேன். அதே மெட்டு, வரிக்கு வரி.
"இலையெல்லாம் கிளறி இளைத்தேனே,
சோறே சோறே, பீஸ் எங்கே?"
ஃபரீதா சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். "அடிப்பாவி, எங்க கடையில பீஸ் ஜாஸ்திடி!" சொல்லிவிட்டு அவளே பாடினாள். என்னைவிட நன்றாக.

3.2.82
வகுப்பே பாடுகிறது. இனி என்னைக் கவிஞர் என்று அழைக்கவும்.

5.2.82, வெள்ளி
எங்கள் ஊர்த் தோல் கம்பெனிகளுக்கு வெள்ளிதான் லீவு. அதனால் மைதானம் கொள்ளாத கூட்டம். ரஃபி பாய் வெள்ளை ஜிப்பாவில், முதல் வரிசையில்.
"மணலே மணலே"வை மூன்று தடவை சரியாகத்தான் சொன்னாள். நான் கொட்டாவி விட்ட அதே பாட்டு! ஒன்று இருந்த இடம் அப்படியே இருக்க, அது மட்டும் இல்லாமல் போவது— அவள் குரலில் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. நாலாவது தடவை—
"சோறே சோறே, பீஸ் எங்கே?"
வாய் தானாப் போய்ட்டுது. மைதானமே சிரிச்சுது. எல்லாத் தலையும் பாய் பக்கம். "பாய், பதில் சொல்லுங்க!" என்று எவனோ கத்தினான். அவர் எழுந்து போய்விட்டார். ஃபரீதா மைக்கைப் பிடித்தபடியே நின்றாள்.
நான் சிரித்தேனா? சிரிச்சேன். முதல்ல நானும் சிரிச்சேன்.

8.2.82
அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே பேசினாள்.
"யாரு எழுதிக் குடுத்ததுன்னு அத்தா கேட்டாரு. தெரியாதுன்னேன். அப்போ நீயேதான்னாரு. 'என் கடையச் சந்தி சிரிக்க வெக்கவா உன்னப் படிக்க வெச்சேன்?'னாரு."
"நான்தான்னு நான் வந்து சொல்றேன்டி."
"சொல்லுவியா?" என்றாள்.

9.2.82
போகவில்லை.

10.2.82
இன்றும்.

12.2.82
கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நாலு பேர். ஒவ்வொரு பொட்டலத்தையும் கட்டுமுன் இலையை அவர்கள் பக்கம் திருப்பி, "பாத்துக்கோங்க, பீஸ் இருக்குது" என்கிறார். முன்பெல்லாம் இப்படிக் காட்டியதே இல்லை.
"ஃபரீதா தோஸ்த்துதானே நீ? இன்னாம்மா வேணும்?"
சொல்லுடி, சொல்லு, சொல்லு—
"அரை பிளேட்" என்றேன்.
மூன்று துண்டு வைத்தார். "பாத்துக்கோம்மா." பார்த்தேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாளெல்லாம் ஓடுற வாய். இதுக்கு மட்டும் வரல.

15.3.82
தமிழ் முதல் தாள். ஃபரீதாவைப் பரீட்சைக்கே அனுப்பவில்லை. பேரணாம்பட்டில் ஹலீமா பீ என்ற அத்தை வீட்டில் விட்டுவிட்டார்களாம். நான் நன்றாக எழுதியிருக்கிறேன். அதுதான் வெட்கமாக இருக்கிறது.

5.7.82
ப்ளஸ் ஒன். குழாயடியில் ஆறாவது படிக்கும் பிள்ளைகள் கைதட்டி "சோறே சோறே" விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னிடம், "யாரு கட்டின பாட்டு தெரியுமாக்கா? ஃபரீதான்னு ஒரு அக்காவாம். சொந்தக் கடையவே கிண்டல் பண்ணாங்களாம். வாய் ஜாஸ்தியாம்!" என்றாள்.
"ஆமா" என்றேன்.
மூன்றாவது அடியைத் தப்பாகப் பாடினார்கள். திருத்திக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.