முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய்

1969 அக்டோபர் 19, ஞாயிறு

நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தி எதற்காகக் காசு சேர்க்கத் தொடங்குகிறாள்? அண்ணி கேட்டாள். பதில் தெரியவில்லை. செலவழிக்கச் சேர்ப்பது குடும்பம். செலவழிக்காமல் சேர்ப்பது கருமித்தனம். பார்ப்பதற்கென்று சேர்ப்பது எந்தக் கணக்கில் வரும்?

நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஜங்ஷனில் கடலூருக்கு டிக்கெட் எடுத்தேன். மீதிச் சில்லறையில் புதுக் காந்தி ரூபாய் ஒன்று இருந்தது, நூற்றாண்டுக்காக அடித்தது. டிக்கெட் கொடுக்கும் விருத்தகிரி சார் ஜன்னலுக்குள்ளிருந்து, "செலவு பண்ணிடாதீங்க டீச்சர், வச்சிருங்க. நானும் இப்படி ஒண்ணுலதான் ஆரம்பிச்சேன்" என்றார். குடிகாரர்களும் இப்படித்தான் சொல்வார்கள்.

இந்த வீட்டில் நேரான கோப்பை கிடையாது. அண்ணன் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனிச் சூளையில் கோணிப்போனதெல்லாம் எங்கள் அலமாரிக்குத்தான் வரும். பிடி உடைந்த ஒன்றில் காந்தியைக் குடிவைத்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

அஞ்சறைப் பெட்டியின் அடியில் விக்டோரியா ராணியின் காலணா கிடைத்தது. கறுத்துக் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பலும் போட்டேன். தங்கம் மாதிரி ஆயிற்று. பெருமையாக எடுத்துப்போய் விருத்தகிரி சாரிடம் காட்டினேன். மனிதர் பிணத்தைப் பார்த்ததுபோல் பார்த்தார்.

"தோலை உரிச்சிட்டீங்களே டீச்சர்! நூறு வருஷத்து நெறம் அது. பாத்திரமா இது, வெளக்குறதுக்கு?"

சரித்திரத்தில் ஆனர்ஸ் வாங்கியவள், ராணியைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். சுதந்திரத்துக்காக நான் செய்த ஒரே காரியம் இதுதான், அதுவும் இருபத்திரண்டு வருடம் தாமதமாக.

நவம்பர் 9

ஒன்றும் கிடைக்கவில்லை. கீரைக்காரியின் சில்லறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். "என்னா டீச்சரம்மா, எங்காசு என்னா கள்ளக்காசா?" என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

விருத்தகிரி சார் தன் பெட்டியைத் திறந்து காட்டினார். காசுகளைவிட அவர் பெருமை அதிக எடை. ஒவ்வொன்றையும் ஓரத்தில் பிடித்துத்தான் தூக்கவேண்டுமாம். முதலில் தலையைப் பார்க்கக்கூடாது, வருடத்தைப் பார்க்கவேண்டுமாம். "மொகம் பொய் சொல்லும் டீச்சர், வருஷம் சொல்லாது." நான் பிறந்த வருடத்தை மனதுக்குள் மறைத்துக்கொண்டேன்.

அவர் பெட்டியிலும் ஒரு குழி காலியாக இருந்தது. ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய், 1939. கொஞ்சம்தான் அடித்தார்களாம். "அது மட்டும் ஒங்க கைக்கு வந்துட்டா, நான் ஒங்களுக்குச் சிஷ்யன்" என்றார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நம் வீட்டில் இருக்கிறதே!

நான் சிதம்பரத்துக்குப் படிக்கப்போன வருடம். வந்த வரனை வேண்டாம் என்றதற்காக அம்மா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, என் கல்யாணம் நடந்தால் கொளஞ்சியப்பருக்குச் செலுத்துவதாக வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள். தேய்ந்த காசு சாமிக்கு ஆகாது, இந்த வருஷத்துப் புதுக் காசுதான் வேண்டும் என்று அப்பாவை நச்சரித்து வாங்கினாள். 1939. கல்யாணம் நடக்கவில்லை, காசும் போகவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் இன்னும் தொங்குகிறது.

நான் வேண்டாம் என்றதால் பத்திரமாக இருக்கும் ஒரே சொத்து.

நவம்பர் 23, ஞாயிறு

அண்ணன் மகள் கனகாவுக்கு வேப்பூரில் வரன் அமைந்துவிட்டது. தையில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டுக் கிழவி கனகாவை விட்டுவிட்டு என் தலையைத்தான் அதிகம் பார்த்தாள். அறுபத்தைந்தில் டைபாய்டு கொண்டுபோன முடி பாதிகூடத் திரும்பவில்லை. அதற்கும் நானா ஜவாப்?

அவர்கள் போனதும் அண்ணி சொன்னாள்: "அடுத்த மாசம் ரெண்டாவது வெள்ளிக்கெழம கொளஞ்சியப்பருகிட்ட போறோம். நாயகி காசையும் உண்டியல்ல சேத்துடணும்."

ஆக, என் கல்யாணத்தை இந்த வீடு கைவிட்டுவிட்டது. நான் கைவிட்டு முப்பது வருடம் ஆகிறது. இருந்தாலும் இன்னொருத்தி வாயால் கேட்கையில் சுருக்கென்றது. ஏன்?

நவம்பர் 30

கேட்டேவிட்டேன். "அந்த முடிச்சைப் பிரித்து ஒரு தடவை பார்க்கட்டுமா அண்ணி?"

"சாமிக்கு முடிஞ்ச காசுல கை வெச்சா கை வெளங்காம பூடும். என்னா படிச்சியோ போ."

அண்ணன் கறுப்புச் சட்டைக்காரர். சாமி இல்லை என்று வேப்பூர் வரை போய் மைக்கில் பேசுவார். இன்று செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கோயிலுக்கு வண்டி பிடித்துத் தருவாராம். உள்ளே மட்டும் வரமாட்டாராம். கொள்கை வாசற்படி வரைக்கும்.

டிசம்பர் 7, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். சாமிக்கு வேண்டியது ஒரு ரூபாய். அது எந்த வருஷத்து ரூபாயாய் இருந்தால் அவருக்கு என்ன? உண்டியலில் விழுந்தால் எடைக்குத்தான் போகும். ஜார்ஜை எடுத்துக்கொண்டு காந்தியை வைத்து முடிந்துவிடலாம். நாடே அப்படித்தானே செய்தது.

டிசம்பர் 11, வியாழன்

பள்ளிக்கூடத்தில் தலைவலி என்று பொய் சொல்லி அரை நாள் லீவு எடுத்தேன். மாணவிகளுக்கு நான் கொடுக்காத சலுகை.

அண்ணியும் கனகாவும் ஜவுளி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். ஸ்டூல் போட்டு ஏறி முடிச்சை எடுத்தேன். துணி நான் நினைத்ததைவிடப் புதிதாக இருந்தது; மஞ்சள் அவ்வளவாக வெளுக்கவில்லை. அப்போதே புத்தி வந்திருக்கவேண்டும். பல்லால் கடித்துத்தான் பிரிக்க முடிந்தது.

உள்ளே ஜார்ஜ் இல்லை. நேரு இருந்தார்.

1964 என்று பளிச்சென்று போட்டிருந்தது. அம்மா ஐம்பத்துமூன்றிலேயே போய்விட்டாள். செத்துப் பதினோரு வருடம் கழித்து வந்து காசு மாற்றிவைக்கிற அளவுக்கு என் கல்யாணத்தில் அவளுக்கு அக்கறை இருந்திருக்கலாம். ஆனால் நான் நம்பமாட்டேன். வருடம் பொய் சொல்லாது.

கை வெளங்காது என்று எனக்குச் சொன்னவளின் கை! வெள்ளிக்கு ஆசைப்பட்டு எடுத்திருக்கிறாள். நாளைக்கு இந்த நேருவையே பக்தியாய் உண்டியலில் போடப்போகிறாள்.

முடிச்சை இருந்தபடியே முடிந்து மாட்டிவிட்டேன். காந்தி என் பர்ஸுக்குத் திரும்பினார். நான் செய்ய நினைத்ததும் அதேதானே என்கிறாயா? நான் காசைப் பார்க்க எடுத்திருப்பேன். அவள் விற்க எடுத்தாள். வித்தியாசம் இருக்கிறது. இருக்கத்தானே வேண்டும்.

நாளைக்கு உண்டியல் எதிரிலேயே கேட்கப்போகிறேன்: அம்மாவின் காசு எங்கே அண்ணி?

டிசம்பர் 12, வெள்ளி

நேற்று எழுதியபடி நடக்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

உண்டியல் எதிரில் அண்ணி முடிச்சை என் கையில் கொடுத்தாள். "நீயே போடு நாயகி. ஒனக்கு முடிஞ்சது."

"இது அம்மா முடிந்த காசு இல்லையே" என்றேன். கூர்தீட்டி வைத்திருந்த கேள்வி முனகலாகத்தான் வந்தது.

"பிரிச்சிப் பாத்துட்டியா?" அண்ணி திட்டவில்லை. "அத்த முடிஞ்சது ஒங் கல்யாணத்துக்கு. அது எங்க நடந்துது? நீ டைபாய்டுல கண்ணத் தொறக்காம பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில கெடந்தப்ப, கல்யாணம் கெடக்குது கழுத, இவ உசுரோட வூடு வந்தா போதும்னு நாந்தான் வேற முடிஞ்சேன். நீ வந்துட்ட. சாமி கடன் நிக்குது. அத வெச்சிக்கிட்டு எம்பொண்ணுக்கு எப்புடித் தாலி கட்டுறது?"

"பழைய காசு?"

"அந்த வெள்ளி ரூவாயா? கையோட எடுத்துக்கிட்டுப் போயி அங்கயே ஒரு தட்டான்கிட்ட போட்டுட்டேன். அவன் குடுத்ததுல ஒத்த ரூவாய முடிஞ்சிட்டு, மீதிக்கிச் சாத்துக்குடி வாங்கினேன். சாறாவே குடுக்கச் சொன்னாரு டாக்டரு. ஒங்கண்ணன் இந்தி எதிர்ப்புல ஜெயில்ல ஒக்காந்திருந்தாரு. கையில ஏது காசு?"

"சாமி காசில் கை வைத்தால் கை விளங்காது என்றாயே?"

"வெளங்காமப் போனாப் போவட்டும்னுதான் வெச்சேன்."

பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தி, "பேசுறத அப்பறம் பேசுங்க, காசப் போட்டு நகருங்கம்மா" என்றாள். போட்டேன்.

திரும்பி வரும்போது கடைத்தெருவில் விருத்தகிரி சார் சைக்கிளை நிறுத்தி, "முப்பத்தொன்பது கெடைச்சுதா டீச்சர்?" என்று கேட்டார்.

"கெடைச்சுது சார். குடிச்சிட்டேன்."

அவர் விளக்கம் கேட்பதற்குள் பழக்கடைக்குள் நுழைந்துவிட்டேன். காந்தி ரூபாயைக் கொடுத்துச் சாத்துக்குடி வாங்கினேன். வீட்டில் அண்ணி ஒரு சுளையை வாயில் போட்டு, "ஒரு ரூவாய்க்கி இதுவா குடுத்தான்? புளிக்குது" என்றாள்.

எல்லாவற்றையும் தின்று தீர்த்தாள்.