சூரியன் உதிக்காத ஊரில் பச்சை வெளிச்சம்

அன்பு மாறாத கனகம்,

காரோடு கிராமத்து நம் வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஷீபாவைப் பார்த்துவிட்டு நேற்றுத்தான் வந்து சேர்ந்தேன். தனியாகத்தான் வந்தேன். கோபப்படாமல் முழுவதும் கேள்.

நம் மகள் நார்வேயின் வடக்கு ஓரத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்ததிலிருந்து உனக்கு ஒரே கவலை. குளிர்காலத்தில் அங்கே வாரக்கணக்கில் சூரியன் உதிக்காது என்று அவள் போனில் சொன்ன அன்று நீ சோற்றைத் தள்ளி வைத்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக என்னிடம் சொன்னதும் அதுதான்: "சூரியன் உதிக்காத ஊருல பிள்ளை எப்படிக் கெடப்பா? நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க."

அந்த வார்த்தைக்காகத்தான் போனேன். பாறசாலை ஸ்டேஷன் முன்னால் ஆட்டோ ஓட்டுகிறவன், விமானம் மாறி மாறி உலகத்தின் உச்சிக்கே போய்விட்டேன். உண்மையிலேயே இருட்டுதான், கனகம். நடுப்பகலில் ஒரு நீல மங்கல் வந்து போகும், அவ்வளவுதான். எனக்கும் மனசு தாங்கவில்லை. ஊருக்கு வரச் சொல்லிக் கேட்டுவிடுவது என்ற முடிவோடு அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். "அப்பா, கோட்டு இட்டுட்டு வெளிய வாங்க" என்று ஷீபா கூப்பிட்டாள்.

முற்றத்துப் பனியில் நின்று பார்த்தேன். முதலில் அடுப்புப் புகை மாதிரி ஒரு கீற்று. அது பச்சையானது. பூவாறில் பொழி முறியும்போது ஆறு மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாயுமே, அப்படி வானத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பாய்ந்தது. ஓரமெல்லாம் ஊதா. சத்தமே இல்லை. அத்தனை பெரிய ஒன்று எப்படிச் சத்தமில்லாமல் அசையும்? அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னது மக்கா இது?"

"சூரியன்தான் அப்பா."

விளக்கிச் சொன்னாள். மின்னூட்டம் ஏறிய துகள்கள் சூரியனிலிருந்து காற்றுப்போல ஓயாமல் வீசுகின்றனவாம். பூமியின் காந்தசக்தி பெரும்பாலானவற்றை விலக்கிவிட்டு, சிலவற்றைத் துருவங்களின் பக்கம் இறக்கிவிடுகிறது. நூறு கிலோமீட்டர் உயரத்தில் அவை காற்றில் மோதும்போது ஆக்சிஜன் பச்சையாக ஒளிர்கிறது, அதற்கும் மேலே சிவப்பாக. நீலமும் ஊதாவும் நைட்ரஜனுடையவை.

"துருவத்தைச் சுத்தி வளையம் மாதிரி உண்டு அப்பா. இங்க, பின்லாந்துல, ஐஸ்லாந்துல, கனடால, அலாஸ்கால பாக்கலாம். தெக்கே அண்டார்டிகா பக்கமும் உண்டு. சூரியன்ல பெரிய கொந்தளிப்பு வந்தா லடாக்குல கூட வானம் செவக்கும்."

"நம்ம ஊருல?"

"நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல ஆக்கும். அங்க வராது."

அதற்குள் சக்கர நாற்காலிகளில் கம்பளி போர்த்திய முதியவர்களை வெளியே கொண்டுவந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருக்கும். பிறந்ததிலிருந்து பார்த்த வானம், ஆனாலும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஷீபாவின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லையாம்.

அவளே கேட்டாள்: "என்னைக் கூட்டிட்டுப் போக வந்ததாக்கும், இல்லியா?"

"அம்மா சொன்னா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இந்த வேலை இஷ்டம் அப்பா. நான் இருட்டுல கெடக்கேன்னு நெனச்சே அம்மா போயிட்டா. அதாக்கும் சங்கடம்."

அவள் முகத்தில் அந்தப் பச்சை வெளிச்சம் அலையடித்தது. ஊருக்கு வா என்று நான் கேட்கவே இல்லை. பக்கத்தில் நீ நின்றிருந்தால் கேட்டிருப்பாயா, கனகம்?

கோடை லீவுக்கு வருகிறாள். கல்லறைத் தோட்டத்துக்கு நானே ஆட்டோவில் அழைத்து வருவேன். சொல்ல வேண்டியதை அவளிடம் நீயே சொல்லிக்கொள். நான் வாசலில் நின்றுகொள்கிறேன், நடுவில் பேசமாட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
ஷீபாவின் அப்பா,
தங்கராஜ்