தூக்கி வைத்த தலைக்கல்

3 நவ., திங்கள்

டிரெஸ்டன். காலையிலிருந்து தூறல். சைக்கிளில் காற்று இல்லை, டிராமில் போனேன். அரிசி தீர்ந்துவிட்டது.

எங்கள் ஆராய்ச்சிக் குழுவின் யோனாஸ் நியூ மெக்சிகோவிலிருந்து வந்துவிட்டான். மூக்குத் தோல் உரிந்து, ஒரே சிரிப்பு. நான் போயிருக்க வேண்டிய பயணம். எனக்கு அமெரிக்க விசா நேர்காணலுக்கே அடுத்த கோடையில்தான் தேதி. அவன் ஜெர்மன்காரன், அந்தத் தொல்லை இல்லை. மூன்று வருடமாக அந்தப் பாலைவன மணற்கல் தூண்களைப் படத்தில் பார்த்தே ஆராய்ச்சி செய்கிறேன். வெட்கக்கேடு.

4 நவ., செவ்வாய்

கூட்டம். யோனாஸின் படங்கள்.

முதல் படம் குள்ளி. (திட்டத்தில் தூண் 7. முழங்கால் உயரம், தலையில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு கெட்டிக் கல். குள்ளி என்பது நான் வைத்த பெயர்.) அடுத்த படத்தில் குள்ளிக்குத் தலை இல்லை. தலைக்கல் தராசில்.

"எடை கேட்டிருந்தாயே," என்றான்.

கேட்டேன். படங்களை வைத்துக் கணக்குப் போடச் சொல்லி. அங்கே கொடுத்த அனுமதியிலும் எதையும் தொடக்கூடாது என்றுதான் இருக்கிறது.

"கணக்குப் போட அரை நாள் ஆகும். தூக்கினால் இரண்டு நிமிடம். திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டேன்."

வைத்தானாம். டப்பா மூடியா அது? அந்தக் கல் அசையாமல் அழுத்துகிற வரைதான் கீழே மணல்துகள்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து, மழைக்குக் கரையாமல் நிற்கும். என் ஆராய்ச்சியே இவ்வளவுதான். வாராவாரம் கேட்டுத் தலையாட்டியவன் அவன்.

கத்திவிட்டேன். எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

6 நவ., வியாழன்

நேற்றும் இன்றும் லேப். சுபா அக்காவோடு இரண்டு மணல்தூண் செய்தேன். (அக்கா லேப் டெக்னீஷியன். யாழ்ப்பாணக் குடும்பம், வளர்ந்தது இங்கே.) இரண்டுக்கும் தலையில் எடை. ஒன்றின் எடையை மட்டும் தூக்கித் திரும்ப வைத்தோம். சொட்டுநீர் திறந்தோம்.

"அவன் செய்தது பிழைதான்," என்றார் அக்கா. "ஆனா எல்லாரும் நீர் கத்தினதைத்தான் கதைக்கினம்."

மாலையில் தூக்கி வைத்த தூண் இடுப்பில் கரைந்து சாய்ந்தது. மற்றது நிற்கிறது. சந்தோஷப்பட வேண்டிய முடிவு. குள்ளிக்கும் இதுதான்.

கடைக்குப் போக மறந்தேன். மறுபடி ரொட்டி.

7 நவ., வெள்ளி

பேராசிரியரிடம் காட்டினேன். அருமை என்றார், இரண்டு தடவை. பிறகு கதவைச் சாத்தினார்.

அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குத் திங்களன்று அறிக்கை போக வேண்டும். எழுதுவது நான். 'எடை கணக்கிடப்பட்டது' என்று மட்டும் போடச் சொன்னார்.

"கணக்கிடவில்லை. தூக்கினான்."

"அப்படி எழுதினால் அனுமதி போய்விடும். இனி யாரும் போக முடியாது. அடுத்த இலையுதிர்காலத்தில் உன்னை அனுப்பலாம் என்றிருக்கிறேன். குள்ளி நிற்கிறதா என்று நீயே பார்."

முதல் தடவையாகக் குள்ளி என்றார். வாயில் நுழையாமல், 'குல்லி'.

வெளியே வந்ததும் முதலில் தோன்றியது போகப் போகிறேன் என்ற சந்தோஷம். சீ.

9 நவ., ஞாயிறு

மழை. ஹீட்டர் சூடாகவில்லை. அறிக்கையை எழுதி அழித்து எழுதி அழித்து.

சுபா அக்கா இடியப்பம் கொண்டுவந்தார். நீங்க என்ன செய்வீங்க என்று கேட்டேன்.

"அவர் சொன்னபடி எழுதிப்போட்டு நான் போவன். உண்மையைச் சொன்னா கல்லு திரும்ப ஒட்டுமே?"

"யோனாஸ் அடுத்த தூணையும் தூக்குவான் அக்கா."

அக்கா இடியப்பத் தட்டை என் பக்கம் தள்ளினார். பிறகு, "எழுதுறதெண்டா எழுதும். பிறகு வந்து அழ ஏலாது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால் அவர் மேலும் கோபம். இடியப்பம் முழுவதும் சாப்பிட்டேன்.

10 நவ., திங்கள்

அனுப்பிவிட்டேன். 'தூண் 7-இன் தலைக்கல்லை எங்கள் குழு தூக்கி எடை பார்த்தது. இதற்கு அனுமதி இல்லை.' யோனாஸின் பெயரைப் போடவில்லை. போட்டிருக்கலாம்.

பேராசிரியர் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். யோனாஸ் மட்டும் என் மேசைக்கு வந்தான்.

"இப்போது திருப்தியா?"

இல்லை என்றேன்.

அங்கே மழை ஜூலையில். அதுவரை குள்ளி நிற்கும் என்று நினைக்கிறேன். விழும்போது பார்க்க எங்களில் ஒருவரும் இருக்க மாட்டோம்.