எழுபது நிமிடம்

ராஞ்சி, 12 ஜூலை 1999

அன்புள்ள அல்பினா அக்காவுக்கு,

நிரோலா எழுதுகிறேன். பெங்களூர் முகாமுக்கு என் பெயர் வந்துவிட்டது! இந்திய ஜூனியர் ஹாக்கி அணியை அங்கேதான் தேர்ந்தெடுப்பார்களாம். அப்பா மாதா கோயிலில் பூசை முடிந்ததும் எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னாராம். அவர் வாய் திறந்து பேசி நீ பார்த்திருக்கிறாயா?

உனக்கு வந்திருக்க வேண்டியது இது. ஜெயித்தால் கிடா பரிசு தரும் ஊர்ப் பந்தயத்தில் மூன்று கோல் போட்டவள் நீ. நீ டெல்லிக்கு வீட்டு வேலைக்குப் போனதால்தான் நான் இங்கே விளையாட்டு விடுதியில் இருக்கிறேன். எனக்கு அது மறக்கவில்லை.

உன் தங்கை,
நிரோலா


டெல்லி, 25 ஜூலை

என் செல்ல நிரோலாவுக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றே மூன்று தடவை படித்தேன். முதலாளியம்மாவிடமும் சொன்னேன். "ஹாக்கியா? அதெல்லாம் பொண்ணுங்க ஆடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, அரிசி களையச் சொன்னார். போகட்டும்.

முகாமில் கூச்சப்படாமல் சாப்பிடு. இரண்டாவது முட்டை கேட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள். நீ ஏன் எப்போதும் பாதிக் கடிதம்தான் எழுதுகிறாய்? சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் எழுது.

அக்கா,
அல்பினா


பெங்களூர், 3 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

என்னைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சத்து இருக்க வேண்டியதில் பாதிதான் இருக்கிறதாம். சின்ன வயதில் என்ன சாப்பிட்டாய் என்று டாக்டரம்மா கேட்டார். கஞ்சி, உப்பு, கீரை என்றேன். மழைக்காலத்தில்? ஒரு வேளை என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

கடைசிப் பத்து நிமிடத்தில் என் கால்கள் என்னுடையவை இல்லாமல் போகின்றன, அக்கா. பஞ்சாப் பெண்கள் அப்போதுதான் ஓடவே தொடங்குகிறார்கள். பயிற்சியாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உன் கையில இருக்கிற ஆட்டம் இங்க எவளுக்கும் இல்லம்மா. ஆனா முழு ஆட்டம், எழுபது நிமிஷமும் உன் உடம்பு தாங்காது. நல்லாச் சாப்பிட்டுட்டு அடுத்த வருஷம் வா" என்றார்.

எங்கே போய்ச் சாப்பிடுவது? டிசம்பரில் எனக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்கு மேல் விடுதியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

நிரோலா


டெல்லி, 19 செப்டம்பர்

நிரோலா,

அழாதே. வீட்டுக்குப் போ. ஒரு வருடம் உன் சாப்பாட்டுக்கு நான் பணம் அனுப்புகிறேன். அம்மாவுக்கும் எழுதியிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. சின்ன வயதில், வயலிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று என் தட்டை உன் பக்கம் தள்ளுவேனே, அது பொய். நீ நன்றாக ஓடுகிறாய், ஒருத்திக்காவது வயிறு நிறையட்டும் என்று நினைத்தேன். அதுவும் போதவில்லையா, நிரோலா? என்னைவிட நீ இரண்டு விரல் உயரமாகத்தானே வளர்ந்தாய்.

அல்பினா


சிம்டேகா, 30 ஜனவரி 2000

அன்புள்ள அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. உன்னை வேலைக்குச் சேர்த்துவிட்ட ஏஜென்டம்மாவோடு திங்கட்கிழமை டெல்லிக்குப் புறப்படுகிறேன். அங்கே ரோகிணி என்ற பகுதியில் எனக்கு வேலைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள்.

அம்மா எனக்கு முட்டையும் சோறும் போட்டுவிட்டு, வயலிலேயே சாப்பிட்டாச்சு என்கிறாள். உன் கடிதத்துக்கு முன்பு என்றால் நம்பியிருப்பேன். இப்போது அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

மட்டையைப் பள்ளிக்கூடத்துச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன்னை எத்தனை மணிக்கு வெளியே விடுவார்கள்?

நிரோலா


டெல்லி, 9 பிப்ரவரி

நிரோலாவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நீ வந்து சேர்ந்திருப்பாய். வராதே என்று எழுத நேரமில்லாமல் போய்விட்டது. இதை ஏஜென்டம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்று மணிக்கு விடுவார்கள். கோயில் வாசலில் நிற்பேன். ஏஜென்டம்மாவிடம் வழி கேட்டு வா.

அந்த வீட்டில் நீ ஹாக்கி ஆடியவள் என்று மட்டும் சொல்லிவிடாதே. தெம்பான பெண் என்று நினைத்து மூன்று மாடிக்கும் தண்ணீர் சுமக்க வைப்பார்கள்.

அக்கா