லிஸ்பனில் எங்களுக்கு யாரும் இல்லை

ஏப்ரல் 6, திங்கள். நார்த்மீட், சிட்னி

காலையிலிருந்து மழை. துவைத்த துணி காயவில்லை. நாளை விமானம், பெட்டி இன்னும் மூடவில்லை. மிலோ மாவுப் பாக்கெட்டை வெளியே எடுத்தேன். திரும்ப உள்ளே வைத்தேன்.

பக்கத்து டூங்கபியில் இருக்கும் அன்ரியிடமிருந்து ஃபோன். என் வீட்டுக்காரர் குகனுக்குத் தூரத்துச் சொந்தம். சிட்னியில் அவர் பக்கத்து மனிதர் என்று இவர் ஒருவர்தான்.

"லிஸ்பனில ஆர் பிள்ளை இருக்கினம்?"

"யாரும் இல்ல அன்ரி."

"பிறகேன் போறியள்?"

"யாரும் இல்லாததாலதான்."

பிறகு இழுத்து இழுத்து, "சனிக்கிழமை பாரிசில மகேசன்ர மகளுக்குக் கலியாணமெல்லே..."

தெரியும் அன்ரி. தெரிந்துதான்.

மகேசன் குகனின் அண்ணன். ஒரே அண்ணன். போன மாதம் அவரிடமிருந்து செய்தி: தம்பி வரலாம், தனியாக. மாப்பிள்ளை வீட்டாரிடம் தம்பிக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம். நான் வந்தே ஆகவேண்டும் என்றால் "வேலையிடத்துச் சிநேகிதி" என்று சொல்லிப் பின்வரிசையில் உட்காரலாமாம்.

கட்டி ஏழு வருடம். சிநேகிதி!

என் குறைகள் அவர்கள் கணக்கில்: மலேசியாக்காரி. வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். குகனைவிட வயது கூட. "என்ன ஆக்கள்?" என்று சாதி கேட்டு விட்டார்கள் ஆரம்பத்திலேயே. "ரப்பர் தோட்டத்து ஆக்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அதோடு சரி, பேச்சு நின்றது.

செய்தி வந்த அன்றே லிஸ்பன் டிக்கெட் போட்டவள் நான். அதே வாரத்துக்கு. வேண்டுமென்றே. குகன் ஒன்றும் சொல்லவில்லை. டைல் வேலை முடிந்து சிமெண்டுக் கையோடு வந்தவர், திரையைப் பார்த்துவிட்டு, "ஜன்னல் சீட் கிடைக்குமோ?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய முதல் பாஸ்போர்ட். காலையில் தோசை சாப்பிடும்போதும் சட்டைப்பையில். இதுவரை அவர் செய்த பயணமெல்லாம் ஓட்டம்தான்: ஊரிலிருந்து முகாம், முகாமிலிருந்து படகு, படகிலிருந்து தடுப்பு முகாம். சும்மா சுற்றிப் பார்க்க என்று எங்கேயும் போனதில்லை மனிதர்.

இனி கு. என்றே எழுதுகிறேன். கை வலிக்கிறது.

ஏப்ரல் 8, புதன். லிஸ்பன்

வந்து சேர்ந்தோம். வெயில், ஆனால் குளிர். கால் இரண்டும் வீங்கிப் பூசணிக்காய்.

விமான நிலையத்தில் கு. பாஸ்போர்ட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. வரிசையில் நிற்கும்போதே வாய்க்குள் ஒத்திகை: டூரிஸ்ட், டூரிஸ்ட். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதும் எல்லாம் போச்சு. "பாக்க" என்றார், தமிழில். அவள் என்னைப் பார்த்தாள். "ஹாலிடே" என்றேன். பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்துவிட்டாள்.

தாண்டி வந்து நடுவழியில் நின்றுகொண்டார். பின்னால் வந்தவர்களின் பெட்டி எல்லாம் அவர் காலில் இடிக்கிறது.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"வேற ஒண்டும் கேக்கமாட்டினமோ?"

"வாங்க குகன், பசிக்குது."

அறை சின்னது, நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரியின் உள்பாவாடை கொடியில். கு. தெருச் சுவரில் ஒட்டியிருந்த நீல டைலைத் தடவிக்கொண்டே வந்தார். ஒரு கிழவர் வெளியே வந்து முறைத்தார். ஓடி வந்துவிட்டோம்.

ஏப்ரல் 9, வியாழன்

மஞ்சள் ட்ராம். உட்கார இடமில்லை. யாரோ என் காலை மிதித்து மன்னிப்புக் கேட்டார்கள், எந்த மொழி என்று தெரியவில்லை.

பசியாறும் கடையில் ஒரு கூத்து. பரிமாறுகிறவன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு "கதெய்ரா" என்றான், போர்த்துக்கீசில். கு. எழுந்தே விட்டார்.

"கிரேஸ்! கதிரை! இவன் கதிரை எண்டு சொல்லுறான்!"

ஏழு வருடமாக நாற்காலியைக் கதிரை என்பதற்கும் அடுப்படியைக் குசினி என்பதற்கும் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். அவன் காலில் கிடந்த சப்பாத்தைக் காட்டிக் கேட்டார்: சப்பாத்துதான். ரொட்டி? பாண்தான். எனக்கும் ஒன்று கிடைத்தது. வெண்ணெயைக் காட்டி "மந்தெய்கா" என்றான். என் ஊர் ஈப்போவில் நாங்கள் சொல்லும் மெந்தேகா! இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். திரும்பட்டும்.

முட்டைப் பாலாடை டார்ட் ஆறு. அவர் நாலு, நான் இரண்டு என்று எழுதிக்கொள்கிறேன்.

சாயங்காலம் ஆற்றங்கரைக் கடையில் சாப்பிட உட்கார்ந்தபோது ஃபோன் வந்தது. அண்ணன். டூங்கபி அன்ரி வேலையைக் காட்டிவிட்டார். சத்தம் வெளியே கேட்டது.

"ரெண்டரை மணித்தியாலத் தூரத்தில வந்து நிண்டுகொண்டு வராமல் விடுறியோ? சனம் என்ன சொல்லும்?"

"சனத்துக்கு நான் கட்டேல்லை எண்டுதானே சொன்னனீங்கள் அண்ணா. கட்டாதவன் ஊர் சுத்துறான் எண்டு சொல்லுங்கோ."

சொல்லி ஃபோனை வைத்துவிட்டார் கு. எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஆனால் கு. சாப்பிடவில்லை. மீன் ஆறிப்போனது. தடுப்பு முகாமில் இருந்த காலத்தில் ஞாயிறு தவறாமல் ஃபோன் எடுத்தவர் அந்த அண்ணன்தான். அப்பா போன பிறகு அவர்தான் அப்பா. கடைசியாக நேரில் பார்த்தபோது கு. பள்ளிக்கூடச் சட்டையில் இருந்தாராம்.

எனக்குத் தெரியாததா இது. தெரிந்தும் டிக்கெட் போட்டேன். போட்டது சரிதான். இன்னொரு முறை கேட்டாலும் போடுவேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

தூறல். பெலெம் கோபுரம் பார்த்தோம். உள்ளே போகும் வரிசை பாம்பு மாதிரி. வெளியிலிருந்தே போதும் என்று முடிவு. கு.வின் செருப்பு வழுக்கும் கல்லில் இரண்டு தரம் சறுக்கியது. புது சப்பாத்து வாங்கச் சொன்னேன். கேட்கவில்லை.

மத்தியானம் அறைக்கு வந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடி அண்ணன். இந்த முறை குரல் இறங்கியிருந்தது. கல்யாணப் பெண், அவர் மகள் நிலா, எல்லாவற்றையும் மாப்பிள்ளையின் அம்மாவிடம் தானே சொல்லிவிட்டாளாம். எனக்குச் சித்தி இருக்கிறா, அவவை மறைத்துப்போட்டுத்தான் இவை கூத்தாடினம் என்று. (நான் பார்த்தே இராத பிள்ளை. எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்?)

"இனி மறைக்க ஒண்டுமில்லை. ரெண்டு பேரும் வாங்கோ" என்றார் அண்ணன்.

கு. என்னைப் பார்த்தார். "அண்ணா, அதை நீங்கள் அவவிட்டக் கேளுங்கோ" என்று சொல்லி ஃபோனை என் கையில் வைத்தார்.

ஃபோனைக் காதில் வைத்தேன்.

"கிரேஸ்தானே?"

"ஆமா அண்ணா. கிரேஸ்தான்."

"நாளைக்கு வரலாம்தானே. டிக்கெட் நான் போடுறன்."

எதிர்பார்க்கவில்லை, என் குரல் நடுங்கவில்லை. வார்டில் நர்ஸாக டாக்டரோடு பேசும் குரல் வந்தது.

"இல்ல அண்ணா, வரல. பொய் உடைஞ்சு போச்சுன்னுதான் என்னைக் கூப்பிடுறீங்க. உடையாம இருந்திருந்தா நான் இன்னும் சிநேகிதிதான். நிலா நல்லா இருக்கணும், நான் நிஜமா சொல்றேன். ஆனா நாங்க இங்க சுத்திப் பார்க்க வந்திருக்கோம். பார்த்துட்டுத்தான் போவோம். குகன் வர்றதுன்னா அது அவர் இஷ்டம், நான் தடுக்க மாட்டேன்."

ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன். கு. வாங்கி, தரையைப் பார்த்துக்கொண்டே, "நாங்கள் வரேல்லை அண்ணா. நீங்கள் சிட்னிக்கு வாங்கோ. வீட்டில அறை இருக்கு" என்றார்.

பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம். கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என் வீம்புக்கு அவர் விலை கொடுக்கிறாரோ? ஆமாம், கொடுக்கிறார். அதற்காக நான் பின்வரிசையில் போய் உட்கார முடியுமா? முடியாது. இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கவேண்டும்.

கண் சிவந்து வெளியே வந்தார்.

"போங்க குகன். கோவத்துல சொல்லல. நான் இங்கயே இருப்பேன், திரும்பி வாங்க. டிக்கெட் பார்க்கட்டுமா?"

"நீர் அனுப்பிப் போனாலும் தனியாத்தானே போய் நிப்பன்." முகம் துடைத்த துவாயை மடித்துக் கொடியில் போட்டார். "அவையளும் அதைத்தானே கேட்டவை."

மழை விட்டதும் கீழே போய்ப் புதுச் சப்பாத்து வாங்கிவந்தோம். பழுப்பு நிறம். விலையைக் கேட்டு முகம் சுளித்தார், வாங்கினார்.

ஏப்ரல் 11, சனி. கபோ த ரோக்கா

ரயில், பிறகு பஸ். ஐரோப்பாக் கண்டத்தின் மேற்கு விளிம்பு. இதற்கு மேல் தரை இல்லை, கடல்தான். பாறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் பறக்கப் பார்க்கிறது.

கு. கடலுக்கு முகத்தைக் கொடுத்து நிற்கிறார். படகில் வந்தவருக்குக் கடல் பிடிக்காது. சிட்னியில் போண்டைக் கடற்கரையில்கூட மணலோடு நின்றுவிடுவார். இன்று கம்பித் தடுப்பு வரைக்கும் போனார். ஒரு ஸ்பானியக் கிழத் தம்பதி எங்களைப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். என் முந்தானை பறந்து அந்தக் கிழவியின் முகத்தை மூடிவிட்டது. ஆமாம், புடவைதான் கட்டிவந்தேன். நிலாவின் கல்யாண நாளாயிற்றே.

இப்போது நடந்தது. உடனே எழுதிவிடவேண்டும்.

நிலா வீடியோவில் வந்தாள். தலை அலங்காரம் பாதி, பின்னால் யாரோ அவள் முடியை இழுத்து ஊசி குத்துகிறார்கள். பிரெஞ்சும் தமிழும் கலந்து கட்டி அடிக்கிறாள்.

"சித்தி, நீங்க வராதது சரி. நான்கூட வந்திருக்கமாட்டன். ஆனா இப்ப என்னை ஆசீர்வதியுங்கோ, ரெண்டு பேரும். கெதியா, இவ என்ர தலையைப் பிய்க்கிறா."

கு. கையைத் திரையை நோக்கித் தூக்கினார். வாழ்த்து நான்தான் சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அவள் சட்டென்று ஃபோனைத் திருப்பிவிட்டாள். பட்டு வேட்டியோடு அங்கே நின்றார் அண்ணன். நரைத்திருக்கிறது. கு.வின் அதே நெற்றி. ஓட வழியில்லை அவருக்கு. தம்பியைப் பார்த்தார், வெகுநேரம். பிறகு என்னை. என் தலைமுடியும் முந்தானையும் பறந்துகொண்டிருந்தன.

தொண்டையைச் செருமினார்.

"அங்க காத்துப் பலமோ?"

என்னைத்தான் கேட்டார்.

"பலம்தான் அண்ணா. ஆனா நிக்கிறோம்."