இருபது டிகிரிப் புள்ளி

பெட்டியைத் திறந்ததும் கடல் வாடை வந்தது. லாரிப் புகையும் ஷிப்ட் பஸ்களின் ஹாரனும் தவிர வேறெதுவும் நுழையாத நம் ஒரகடத்து ஷெட்டில், உப்பும் பழைய கிரீஸும் கலந்த அந்த வாடை என்னை நாற்காலியில் உட்காரவிடவில்லை. கிழித்துத் திணித்த காகிதங்களுக்கு நடுவே நீங்கள் பூட்டிய புரொப்பெல்லர் ஒன்று கிடந்தது. பிளேடுகளில் சிப்பி ஒட்டியிருந்தது. நீங்கள் கண்மூடி நான்கு மாதம் ஆகிறது.

மேசைக்கு வந்தேன், தண்ணீர் குடிக்கப் போனேன், மறுபடி வந்தேன்.

நாம் இருவருமே பாய்மரப் படகில் ஏறியதில்லை. “மெரினால கால் நனைச்சதோட செரி சார் நம்ம கப்பல் வேலை” என்பீர்கள். ஆனாலும் அதற்குப் பூட்டும் புரொப்பெல்லரின் குணம் நமக்குத் தெரியும். பாய் விரித்து ஓடும்போது பிளேடுகள் தண்ணீரை மறிக்காமல் ஒதுங்க வேண்டும். எஞ்சினைப் போட்டால் குறித்த கோணத்தில் போய் நிற்க வேண்டும். அந்தக் கோணத்தைத்தான் பிட்ச் என்போம். கூடினால் எஞ்சின் திணறும், குறைந்தால் வீணாகச் சுற்றும். பின்னோக்கிப் போவதற்கு எல்லாப் புரொப்பெல்லருக்கும் மாறாத பதினெட்டு டிகிரி. முன்னோக்கிப் போவதற்கு மட்டும் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்புவது நீங்கள், அளந்து கையெழுத்திடுவது நான். கோணம் சரியாக அமைந்ததும், திருகின் கோட்டுக்கு நேரே பஞ்ச் வைத்துத் தட்டி ஒரு புள்ளி போடுவீர்கள். பதினோரு வருடம் இப்படித்தான் ஓடியது.

இதைப் பூட்டிய அன்று செவ்வாய்க்கிழமை. வல்லக்கோட்டை முருகன் கோயில் விபூதி உங்கள் நெற்றியில் வியர்வையோடு கரைந்திருந்தது. இது போகவேண்டிய படகுக்கு இருபது டிகிரி வேண்டும். நான் அளந்தேன், பதினெட்டு காட்டியது. இரண்டு குறைகிறது என்றேன். நீங்கள் என்னையே பார்த்தீர்கள்.

“நல்லா பாத்தீங்களா சார்?”

பார்த்தேன் என்றேன்.

“நீங்க சொன்னா செரி. ரெண்டு ஏத்திட்டா போச்சு.”

திருகை இரண்டு டிகிரி ஏற்றினீர்கள். பெட்டியைக் கொண்டுபோக வாசலில் வண்டி நின்றிருந்தது. ஏற்றிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும் என்று மனம் அரித்தது. ஆனால் அந்த வாரம்தான் எல்லோர் முன்னிலையிலும், “இன்னா சார், மூணு தபா அளந்தா டிகிரி மாறிடுமா?” என்று சிரித்திருந்தீர்கள். வெட்கம் என் கையைக் கட்டியது. அளக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

படகுக்காரரிடமிருந்து புகார் வந்தது. எஞ்சின் கரும்புகை கக்குகிறது, எதிர்க்காற்றில் துறைமுகத்தை விட்டு வெளியே போக முடியவில்லை என்றார். முதலாளி உங்களைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். கை தப்பிவிட்டது என்றீர்கள், படகைக் கரையேற்றும்போது கழற்றி அனுப்பட்டும், நானே சரிசெய்கிறேன் என்றீர்கள். நானும் உங்கள் கைதான் தப்பியது என்று நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நேற்று அளந்தேன். முன்னோக்கி இருபத்திரண்டு. பிளேடுகளை மறுபக்கம் சாய்த்தேன், பதினெட்டு. அப்போதுதான் புரிந்தது. அன்று மேசையில் வைத்தபோது பிளேடுகள் பின்னோக்கிப் போகும் பக்கம் சாய்ந்திருக்கின்றன. நான் கவனிக்காமல் அதைத்தான் அளந்திருக்கிறேன். பதினெட்டு என்ற எண்ணே என்னைத் தட்டி எழுப்பியிருக்க வேண்டும்.

கிரீஸைத் துடைத்தேன். புள்ளி இருந்தது, ஒன்றே ஒன்று. நான் ஏற்றச் சொன்ன இடத்தில் இல்லை, நீங்கள் முதலில் நிறுத்திய இடத்தில். திருகை அதற்கு நேரே கொண்டுவந்து அளந்தேன். இருபது. நான்கு முறை அளந்தேன், நான்கு முறையும் இருபது.

திரும்பி வந்த பொருளுக்கு ஒரு படிவம் உண்டு. பிழை யாருடையது என்று அதில் ஒரு கட்டம். முதலாளி எட்டிப் பார்த்து, “அவரு பேர்லயே எழுதி முடிச்சிடுங்க சார். இனிமே அவரை யாரு கேக்கப்போறாங்க?” என்றார். கெட்ட மனிதரில்லை, வேலை முடிந்தால் போதும் அவருக்கு. என் பேனா வெகுநேரம் அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. இந்த வயதில் வேலை போனால் வேறெங்கு போவேன் என்ற பயமும் இருந்தது, மறைக்கவில்லை. பிறகு எழுதினேன்: ‘பூட்டியவர் சரியாகவே பூட்டினார். அளந்தவர் பிழை.’ கீழே என் முழுப்பெயர். முதலாளி படித்தார், என்னைப் பார்த்தார், கோப்பில் வைத்தார்.

இன்று காலை பெட்டி படகுக்காரருக்கே திரும்பிப் போய்விட்டது. எனக்கு இன்னும் இருப்புக்கொள்ளவில்லை. சரி என்று தெரிந்தும் ஏன் திருகை ஏற்றினீர்கள்? என்னை நம்பியா, எல்லோர் முன்னிலையிலும் என்னைத் தலைகுனிய வைக்க வேண்டாம் என்றா? உங்கள் வாயால் கேட்க வழியில்லை.

மத்தியானம் அடுத்த புரொப்பெல்லர் மேசைக்கு வந்தது. அளந்தேன். கையெழுத்திடப் போனவன் நிறுத்தி, இப்போது உங்கள் இடத்தில் பூட்டுகிறவரைக் கூப்பிட்டேன். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். “நீங்களும் ஒரு தபா பாருங்க.”

அவர் குனிந்து பார்க்கும் வரை, பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.