இறக்கத்தில் இரண்டாம் கியர்

அன்புள்ளவளுக்கு,

நானும் நம் பொண்ணு வாலுவும் நலம். உன் முழங்கை எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா?

யார் சொன்னது என்று மண்டையைக் குடைந்துகொள்ளாதே. பஸ் டிரைவர்தான். என் பார்சல் ஆபீசுக்கு வந்தவர், "அண்ணே, நான் சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிற பேச்சு எதுவும் நல்ல சேதியாக இருந்ததில்லை. போன வெள்ளிக்கிழமை தூறலில் மலையிறங்கி வந்தாயாம். அருவி வளைவில் பைக் சறுக்கி விழுந்தாயாம். அவரும் கண்டக்டரும் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, பஸ்ஸில் ஏறிக்கொள்ளச் சொன்னார்களாம். "பொண்ணு பயந்துடுவா, நான் ஓட்டிட்டே போயிடறேன்" என்றாயாம்.

வீட்டுக்கு வந்து, நிறுத்தியிருந்த வண்டி சாய்ந்து கண்ணாடி உடைந்துவிட்டது என்று என்னிடம் சொன்னாய். நான் அப்போதே நம்பவில்லை. அதற்காகக் கையுறை உள்ளங்கையில் கிழியுமா? ஆனாலும் கேட்கவில்லை. நீ இருக்கப்போவது இரண்டு நாள். அதில் பாதியை விசாரணையில் கழிக்க எனக்குத் தெம்பில்லை. உனக்கும் இருந்திருக்காது.

போனில் சொல்லலாம்தான். உன் சுகாதார நிலையத்தில் சிக்னல் கிடைப்பதற்குள் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அதனால் எழுதி, அந்த டிரைவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். தன்னைக் காட்டிக்கொடுக்கும் கடிதத்தைத் தானே சுமந்து வருகிறார், பாவம். அவரிடம் கோபத்தைக் காட்டாதே.

நீ பிரேக்கை நம்பி இறங்குகிறாய். புதிதாக மலையில் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடு. என்ஜின் உறுமும், உறுமட்டும். அதுவே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டவே கூடாது. பிரேக்கை விடாமல் அழுத்தினால் சூடேறிப்போய், கடைசியில் வேண்டும் என்கிறபோது கைவிட்டுவிடும். விட்டு விட்டுப் பிடி. வேகத்தையெல்லாம் வளைவுக்கு முன்னாலேயே குறைத்துக்கொள். ஈரத்தில், வண்டி சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் நழுவத்தான் செய்யும். அன்று நீ விழுந்ததும் அப்படித்தான் இருக்கும்.

பள்ளத்தைப் பார்க்காதே. கண் போகிற பக்கம் வண்டியும் போகும். வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பார். எதிரே பஸ்ஸோ லாரியோ ஏறி வந்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில். திரும்பும்போது பெரிய வண்டிக்கு முழு ரோடும் வேண்டும். பின்னால் வருகிற கார்க்காரன் ஹாரன் அடித்தே உயிரை வாங்கினால், ஓரங்கட்டி அவனை அனுப்பிவிடு. அவன் அவசரம் அவனோடு. மழை விழத் தொடங்கிய கொஞ்ச நேரம்தான் ரோடு ரொம்ப வழுக்கும். எங்காவது ஒதுங்கி ஒரு டீ குடி.

இத்தனை வருஷம் அந்த ரோட்டில் மருந்துப் பெட்டி ஏற்றிக்கொண்டு போனவன் நான். ஒரு லாரி சிந்திவிட்டுப் போன டீசல் என் கண்ணுக்குத் தப்பிவிட்டது, விழுந்தேன். எல்லாம் தெரிந்தாலும் அவ்வளவுதான். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை.

முழங்கால் இன்னும் மடங்க மறுக்கிறது. நாள் முழுக்க கவுன்டரில் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் வேறு யாரோ ஒருவருடைய காலை மாட்டிக்கொண்டது போல இருக்கிறது. காலையில் பாலைப் பொங்கவிட்டேன். வாலுவுக்குப் பின்னிய ஜடை பள்ளிக்கூடம் போவதற்குள் அவிழ்ந்துவிட்டது. டீச்சர்தான் மறுபடி பின்னிவிட்டாராம். "அப்பாவுக்கு ஒண்ணும் வரல" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

உன் அம்மாவுக்கு நீ விழுந்தது தெரியாது. தெரிந்தால் வேலையை விடச் சொல்வார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். போன மாதம் பிரசவ வலியோடு வந்த அந்தப் பெண்ணுக்கு நீ மட்டும் அங்கே இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியும். வேலை உத்தரவு கைக்கு வந்த அன்று நீ அழுதாய். சந்தோஷமா பயமா என்று நான் இன்னும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

நேற்று வாலுவை உட்காரவைத்து, போனில் இனிமேல் "எப்போம்மா வருவே, எப்போம்மா வருவே" என்று நச்சரிக்கக் கூடாது என்றேன். "அப்போ அம்மா வர வேணாமா?" என்று கேட்டாள். பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து, "மழையில்லாதப்ப வரட்டும்பா" என்றாள். சொல்லும்போது உதடு துடித்தது. ஆனால் அழவில்லை. உன் மகள்.

இந்த வாரமும் மேலே மழை என்கிறார்கள். அப்படியானால் அங்கேயே இரு. சனி, ஞாயிறை நாங்கள் எப்படியோ தள்ளிவிடுவோம். வெயில் அடித்தாலும் விடிந்த பிறகு கிளம்பு. சொன்ன நேரத்துக்கு வர வேண்டும் என்று ஒரு வளைவில்கூட விரட்டாதே. நாங்கள் சாப்பிட்டுவிட்டு மதியத் தூக்கத்தில் இருப்போம் என்றே நினைத்துக்கொள். எத்தனை மணி ஆனாலும் சரி, முழுசாக வந்து சேர். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

நல்லபடியாக இரு.

உன் வீட்டுக்காரன்